பதில் சொல்லாத முகவரி: ஐபிவி6-ம் உறைந்துபோன நிரல்களும்

ஒரு நிரலில் பிழை இருந்தால் பிழைச்செய்தி வரும். அதைப் பிடித்துக்கொண்டு திருத்திவிடலாம். ஆனால் எந்தச் செய்தியும் இல்லாமல் அப்படியே நின்றுவிட்டால்? அதுவும் ஒரு இடத்தில் நன்றாக ஓடும் சோதனை, வேறொரு வலையமைப்பில் மட்டும் 'ஹேங்' ஆனால்? இந்தத் தலைவலியின் வரலாற்றில் ஒரு பெரிய பகுதி, ஐபிவி6 வந்த கதைதான்.

ஐபிவி4 முகவரிகள் 32 பிட் கொண்டவை. மொத்தம் சுமார் 429 கோடி. இது போதாது என்று 1990களிலேயே தெரிந்துவிட்டது. 128 பிட் முகவரிகள் கொண்ட ஐபிவி6, 1998 டிசம்பரில் ஆர்எஃப்சி 2460 என்ற ஆவணமாக வெளிவந்தது. பழையதும் புதியதும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. ஆகவே ஒரே கணினியில் இரண்டும் பல ஆண்டுகள் குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. அன்றைய நிரல்களில் பெரும்பாலானவை ஒரு தளத்தின் முகவரிகளை வரிசையாகப் பெற்று, ஒவ்வொன்றாக முயன்றன. 2003-ல் வந்த ஆர்எஃப்சி 3484, பொதுவாக ஐபிவி6-க்கே முதலிடம் கொடுத்தது. தன்னிடம் ஐபிவி6 இணைப்பு இருப்பதாகக் கணினி நம்பும். நடுவழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் அந்தப் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஐபிவி4 வழியாக ஐபிவி6-ஐ அனுப்பும் '6டு4' முறையில் இது அடிக்கடி நடந்தது.

"முடியாது" என்று பதில் வந்திருந்தால் நிரல் உடனே அடுத்த முகவரிக்குப் போயிருக்கும். பூட்டிய கடை முன்னால் யாரும் காத்திருப்பதில்லை. கடை திறந்திருந்து, கூப்பிட்டும் ஆள் வராவிட்டால்தான் காத்திருப்பார்கள்! டிசிபியும் அப்படித்தான். முதலில் 3 விநாடி, பிறகு 6, பிறகு 12 என்று இரட்டித்துக்கொண்டே போகும். விண்டோஸில் இது 21 விநாடியில் முடிந்தது. அன்றைய லினக்ஸிலோ மூன்று நிமிடங்களுக்கும் மேல் ஆனது.

பெரிய தளங்கள் ஐபிவி6-ஐத் திறந்துவிடத் தயங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். 2011 ஜூன் 8 அன்று கூகுள், ஃபேஸ்புக், யாகூ முதலியவை 24 மணி நேரம் மட்டும் திறந்து பார்த்தன. அதற்கு முன் கூகுள் சொன்ன கணக்குப்படி 99.95 சதவீதப் பயனர்களுக்குப் பாதிப்பு இருக்காது. மீதி, இரண்டாயிரத்தில் ஒருவர். கோடிக்கணக்கானவர்கள் வரும் தளத்துக்கு அது சின்ன எண்ணிக்கையா என்ன?

2012 ஏப்ரலில் சிஸ்கோவைச் சேர்ந்த டான் விங், ஆண்ட்ரூ யூர்ச்சென்கோ இருவரும் ஆர்எஃப்சி 6555-ஐ எழுதினார்கள். இதன் செல்லப்பெயர் 'ஹேப்பி ஐபால்ஸ்'. யோசனை எளிமையானது. ஐபிவி6-ஐ முதலில் முயல வேண்டும்; கால் விநாடிக்குள் பதில் இல்லையென்றால் ஐபிவி4-ஐயும் கூடவே முயல வேண்டும்; எது முந்துகிறதோ அதையே வைத்துக்கொள்ள வேண்டும். 2017-ல் இது ஆர்எஃப்சி 8305 ஆகப் புதுப்பிக்கப்பட்டது.

பிரச்சினை தீர்ந்ததா? பயனருக்குத் தீர்ந்தது. வலையமைப்பு மட்டும் பழுதாகவே இருந்தது. உலாவி சட்டென்று ஐபிவி4-க்குத் தாவிவிடுவதால், ஐபிவி6 கெட்டிருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த முறையைக் கையாளும் நிரல்கள் பழுது கண்டுபிடிக்க அவ்வளவாக உதவாது என்று அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. தேவைப்பட்டால் அதை நிறுத்திவைக்க வழி இருக்கலாம் என்றும் சொல்கிறது.

அதே கணினியில் உலாவி பறக்கும். இந்த வித்தை தெரியாத சோதனை நிரல் நின்றுவிடும். "இணையம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று எல்லோரும் சொல்வார்கள்.

2021-ல் வந்த நோட்.ஜேஎஸ் 17, ஐபிவி4-ஐ முன்னால் நகர்த்தும் பழைய வழக்கத்தைக் கைவிட்டது. 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதிய பல சோதனைகள் 127.0.0.1-க்குப் பதிலாக ::1-ஐத் தேடிப் போய்த் தோற்றன. ஆனால் அங்கே "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே செய்தி வந்ததால் காரணத்தைப் பிடிக்க முடிந்தது. 2023-ல் நோட் 20, இரு வகை முகவரிகளையும் தானே முயன்று பார்க்கத் தொடங்கியது.

ஆகவே ஒரு சோதனை காரணமின்றி உறைந்தால், உலாவியைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில் பயனில்லை. ஐபிவி4 மட்டும், ஐபிவி6 மட்டும் என்று தனித்தனியாக முயன்று பார்க்க வேண்டும். இரண்டில் எது பதிலே சொல்லவில்லையோ, தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.