18 நாள், 5,000 பேர்

மென்பொருள் விற்கும் நண்பன் ஒருவனுக்குப் போன மாதம் ஒரு 'சீக்வென்ஸ்' அமைத்துக் கொடுக்க உட்கார்ந்தேன். இது என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பொருளை வாங்கக்கூடும் என்று தோன்றுகிறவர்களின் பட்டியலை உள்ளே கொடுத்துவிட்டால், முதல் நாள் ஒரு மெயில், மூன்றாம் நாள் லிங்க்ட்இனில் ஒரு அழைப்பு, ஐந்தாம் நாள் இன்னொரு மெயில், எட்டாம் நாள் "இவருக்கு போன் போடு" என்று நம் ஆளுக்கு ஒரு நினைவூட்டல் என மென்பொருளே வரிசையாக நடத்திக்கொண்டு போகும். நம்ம சென்னையில் வளர்ந்த ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் இரண்டின் விற்பனை மென்பொருள்களிலும் இந்த வசதி இருக்கிறது.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு இரண்டே இரண்டில் மாட்டிக்கொண்டோம். மொத்தம் எத்தனை படி? எப்போது நிறுத்துவது? "பத்து போடுடா, காசா பணமா?" என்றான் நண்பன். அந்த "காசா பணமா" மண்டையில் நின்றுவிட்டது. இதைக் காசு கொடுத்துச் செய்த காலம் ஒன்று இருந்திருக்க வேண்டுமே என்று தேடப் போய், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரத்தில் போய் நின்றேன்.

அங்கே ஜேம்ஸ் ரிட்டி என்பவர் மதுக்கடை நடத்திவந்தார். கடைப் பையன்கள் கல்லாவில் கைவைக்கிறார்கள் என்பது அவருடைய தீராத தலைவலி. கப்பலில் போகும்போது, விசிறி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணும் கருவியைப் பார்த்தார். அதே மாதிரி கல்லாவுக்கும் ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. 1879-இல் கேஷ் ரெஜிஸ்டருக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'ஊழல் செய்ய முடியாத காசாளர்'.

ஆனால் அதை விற்கத் தெரிந்தவர் ஜான் பேட்டர்சன். நிலக்கரி வியாபாரி. தன் கடையில் இந்த இயந்திரத்தை வைத்துப் பார்த்து, நஷ்டத்தில் ஓடிய கடை லாபத்துக்குத் திரும்பியதைக் கண்டவர். 1884-இல் 6,500 டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கினார். ஊர் சிரித்தது. அவருக்கே பயம் வந்து, 2,000 டாலர் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்று விற்றவரிடம் கேட்டுப் பார்த்ததாகச் சொல்வார்கள். அவர் மசியவில்லை. அந்தக் கம்பெனிதான் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர், சுருக்கமாக என்.சி.ஆர்.

பேட்டர்சனின் சிக்கலைக் கவனியுங்கள். இப்படி ஒரு பொருள் வேண்டும் என்று எந்தக் கடைக்காரரும் கேட்கவில்லை. அதனால் அவர் ஆட்களுக்குப் பட்டியல் போட்டார். 'வாங்கக்கூடியவர்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அவர்களை 'பி.பி.' என்று அழைத்தார்கள். அப்படிப்பட்ட 5,000 பேருக்கு, நாளுக்கு ஒன்றாகப் 18 விளம்பரத் தபால்கள். பாரதப் போரும் 18 நாள்தான்! போதும் விடுங்கள், நாங்கள் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே என்ற பொருளில் சிலர் திருப்பி எழுதியதாக ஒரு கதை உண்டு.

தபால் இறங்கிய இடத்துக்கு அப்புறம் ஆள் வருவார். அவர் என்ன பேச வேண்டும் என்பதும் எழுதி வைத்ததுதான். பேட்டர்சனின் மைத்துனர் ஜோசஃப் கிரேன் தான் விற்கும் விதத்தைச் சொல்லச் சொல்ல, அதை எழுதிச் சின்னப் புத்தகமாக்கி, மற்ற விற்பனையாளர்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கடையில் கூட்டமும் குறுக்கீடும் இருக்கும் என்று வாங்கக்கூடியவரை ஓட்டல் அறைக்கு அழைத்துப்போய் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவார்கள். தபால், நேர்ச் சந்திப்பு, செயல்விளக்கம், எல்லாம் ஒரே வரிசையில். நண்பனின் திரையில் நான் இழுத்து வைத்துக்கொண்டிருந்த கட்டங்களும் இவைதான்.

எனக்கு ரொம்பச் சுவையாகப் பட்டது இடையில் நின்றவர்களின் கதை. கல்லாவில் நின்ற சிப்பந்திகளுக்கு இந்த இயந்திரம் பிடிக்குமா? இவன் திருடன் என்று சொல்லாமல் சொல்கிற பெட்டி அது. டேட்டன் முத்திரையோடு வரும் உறையை முதலாளி கண்ணில் படாமல் அவர்கள் கிழித்துப் போட ஆரம்பித்தார்கள். உடனே பேட்டர்சன் கம்பெனிப் பெயர் இல்லாத வெற்று உறைகளில் போட்டு, வேறு வேறு ஊர்களிலிருந்து தபாலில் சேர்க்கச் செய்தார். இன்றைக்கு முன்பின் தெரியாதவர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள், கம்பெனிப் பெயரை லேசாக மாற்றி நாலைந்து டொமைன் வாங்கி, அவற்றிலிருந்து மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். அதே வேலைதான். அன்றைய கடைச் சிப்பந்தியின் இடத்தில் இன்று ஸ்பாம் வடிகட்டி நிற்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். 5,000 பேருக்கு 18 என்றால் 90,000 தபால். அச்சிட்ட சுற்றறிக்கைக்கு அன்றைக்கு ஒரு சென்ட் தபால் கட்டணம். ஆக, தாள், அச்சு, உறை எல்லாம் போக, தபால்தலைக்கு மட்டுமே 900 டாலர். கம்பெனியை வாங்கிய விலையில் ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தச் செலவுதான் பேட்டர்சனுக்குக் கடிவாளம். 5,000 பேர் யார் யார் என்று அவர் யோசித்துப் பொறுக்க வேண்டியிருந்தது. பத்தொன்பதாவது தபால் போடலாமா என்று கேட்டால் அதற்கு 50 டாலர் என்று பதில் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த கருவிகள் ஒவ்வொன்றும் அந்தக் கடிவாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தின. யாருக்கு என்றைக்கு மறுபடி எழுத வேண்டும் என்று நினைவில் வைக்க, நாளுக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12 எனக் கோப்புறைகள். முகவரி எழுதும் உழைப்பைக் குறைக்க அட்ரஸோகிராஃப். அப்புறம் ஆட்டோ டைப்பிஸ்ட். துளையிட்ட தாள்சுருளை வைத்துக் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்துகொண்டே போய், பெயர் வரும் இடத்தில் நின்றுவிடும். தட்டச்சர் "அன்புள்ள திரு. இன்னார்" என்று அடித்துவிட்டு மறுபடி ஓட விடுவார். படிக்கிறவருக்கு அது தனக்கென்றே அடித்த கடிதம்.

1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் கேரி தூர்க், ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே அடியாகக் கணினி விளம்பரம் அனுப்பினார். திட்டு பலமாக விழுந்தது, வியாபாரமும் நடந்தது. தபால்தலை என்ற ஒன்றே அங்கு இல்லை.

கட்டணம் போனபின் கடிவாளத்தை வேறு யாராவதுதான் போட வேண்டியிருந்தது. அமெரிக்கா 2003-இல் சட்டம் போட்டது. கேட்காத மெயிலை அது தடுக்கவில்லை, வேண்டாம் என்றவருக்குப் பத்து வேலை நாளுக்குள் நிறுத்து என்றது, அவ்வளவுதான். என் கருத்தில் அதைவிட 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கொண்டுவந்த விதிகள்தான் உறைத்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்பினால், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம் என்று புகார் செய்பவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டக் கூடாது. அதே 5,000! தற்செயல்தான், இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

நண்பனுக்கு ஐந்து படியோடு முடித்தேன். பதில் வந்தால் உடனே நிறுத்து. ஒரு கம்பெனியில் ஒருவர் வேண்டாம் என்றால் அங்கே இருக்கிற எல்லோருக்கும் நிறுத்து. இரண்டாவது விதிக்கு அவன் முகம் சுளித்தான், அப்புறம் சரி என்றான். பட்டியலையும் பாதியாக வெட்டினோம். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. ஆறாவது மெயிலை எழுதி வைத்துக்கொண்டு, எப்போது சேர்ப்பாய் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதற்கு 50 டாலர் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.