நடு ஒலியும் இரண்டு ஹெட்போன்களும்

1958 இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் நடைபெற்ற ஒலிச்சாதனக் கண்காட்சியொன்றில், ஜோன் கொஸ் என்பவர் கையில் எடுத்துச் செல்லத்தக்க இசைத்தட்டுக் கருவியொன்றைக் காட்சிக்கு வைத்தார். வந்தவர்களைக் கவர்ந்ததோ அதனுடன் இணைத்திருந்த ஹெட்போன்தான். எஸ்.பி. 3 எனப் பெயர் பெற்ற அதுவே ஸ்டீரியோ இசைக்கென விற்பனைக்கு வந்த முதலாவது ஹெட்போனாகக் கருதப்படுகிறது. பத்து ஆண்டுகளின் பின்னர், 1968 இல், ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 ஐ வெளியிட்டது. மஞ்சள் நிறப் பஞ்சுறை பலருக்கு நினைவிருக்கும். ஒரு கோடிக்கு மேல் விற்பனையான சாதனம் அது.

இவ்விரண்டும் வேறுபடுவது நடு ஒலியில். தொலைபேசி 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்களை மட்டுமே கடத்திவந்தது. ஆயினும் பேசுபவர் யாரென்று அறிந்துகொண்டோம். மனிதக் குரலின் உயிர் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் அடங்கியிருப்பதே காரணம்.

கொஸ்ஸின் ஹெட்போன் மூடிய கிண்ணம். அதனுள் இருந்தது ஒரு சிறிய ஒலிபெருக்கி. ஒலிபெருக்கி முன்னால் எழுப்பும் ஒலியைப் போலவே பின்னாலும் ஒலி எழுப்பும். கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பும் அந்தப் பின்னொலி முன்னொலியுடன் கலந்து, சில சுரங்களைத் தடிக்கச் செய்யும். சிலவற்றை மங்கச் செய்யும். பாடகர் குடத்துக்குள் இருந்து பாடுவது போன்ற உணர்வு இதனாலேயே உண்டாகிறது. சென்ஹைசர் பொறியியலாளர் பின்புறத்தைத் திறந்துவிட்டனர். பின்னொலி வெளியேறியது, குரல் தெளிந்தது. ஆனால் காதை இறுக மூடாத பஞ்சின் வழியே தாழ்ந்த சுரங்களும் கசிந்து போயின.

ஆகவே எது சிறந்தது என்ற கேள்விக்கு, எந்த இசைக்கு என்பதையும் சேர்த்தே விடை தேடவேண்டும். கொஸ் ஜாஸ் இசையில் ஈடுபட்ட ட்றம்பெட் வாத்தியக்காரர். ஜாஸ் குழுவில் ட்றம்பெட்டுக்குக் கீழே, 41 ஹேர்ட்ஸ் வரை இறங்கும் டபிள் பேஸ் நடைபோட்டுக் கொண்டிருக்கும். அந்தக் கீழ்த்தளம் இல்லாவிட்டால் குழுவே ஒல்லியாகிவிடும். அங்கே மூடிய கிண்ணத்துக்கே என் வாக்கு. பியானோவுடன் தனித்துப் பாடும் குரலுக்கோ, வயலினுக்கோ திறந்த ஹெட்போனை விட்டால் வேறு கதியில்லை. நமது கச்சேரிக்கு இரண்டிலும் குறை உண்டு: ஒன்றில் பாடகர் மங்குவார், மற்றதில் மிருதங்கத்தின் தொப்பி மெலியும்.

1979 இல் சோனி வோக்மனுடன் வந்த மெல்லிய பஞ்சு ஹெட்போன் எச்.டி. 414 இன் வழியையே பின்பற்றியது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் பாட்டைக் கேட்கவேண்டி வந்தது இதன் விளைவு. ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்தக் கசிவுக்கு இடமில்லை. ஒலிவாங்கி அதையும் சேர்த்துப் பதிந்துவிடும். அதனால் பாடுபவர் இன்றும் பெரும்பாலும் மூடிய ஹெட்போனையே அணிகிறார். பதிந்த குரலைப் பின்னர் சீர்செய்பவர் பலர் திறந்ததைத் தேடுகின்றனர்.