ரயில் கவிழ்ந்தால் ட்ரெண்ட் ஆகும் ஊர்

இந்தியாவில் எங்கே பெரிய ரயில் விபத்து நடந்தாலும் அன்று ராத்திரிக்குள் எங்க ஊர் பெயர் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். 1956-இல் அரியலூரில் ரயில் கவிழ்ந்தது, லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார், இன்றைய அமைச்சர் என்ன செய்தார்? ஏறக்குறைய இதே வாசகம்தான், கூடவே சாஸ்திரியின் கறுப்பு வெள்ளைப் படம். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்து ஃபார்வர்டும் வரும்: அமைச்சர் வீட்டுக்குப் போனால் தண்டவாளம் சரியாகிவிடுமா, களத்தில் நின்று வேலை பார்ப்பவர்தான் நல்ல அமைச்சர். சிமென்ட்டுக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் அடுத்தபடியாக வெளியூர்க்காரர்களுக்கு அரியலூர் என்றால் இந்தச் சண்டைதான்.

இரண்டு ஃபார்வர்டிலும் செத்தவர்கள் கிடையாது. பாலமும் கிடையாது. அதனால் பாலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1956 நவம்பர் 23. வடகிழக்குப் பருவமழை. சென்னை எழும்பூரிலிருந்து முந்தின ராத்திரி கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில் அரியலூரைத் தாண்டி கல்லகம் பக்கம் போகிறது. நடுவில் மருதையாறு. சாதாரண நாளில் பார்த்தால் இதில் ஒரு ரயில் விழும் என்று யாரும் நம்பமாட்டார்கள். அன்று வெள்ளம் கரையை அரித்துப் பாலத்தைப் பலவீனமாக்கியிருந்தது. நீராவி எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. இறந்தவர்கள் 140-க்கு மேல் என்றும் 150-க்கு மேல் என்றும் வேறுவேறு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

(எங்க மாவட்டம் 2001-இல் பிறந்து, அடுத்த வருஷமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, மறுபடி தனியானது 2007 நவம்பர் 23-இல். மாவட்டத்தின் பிறந்தநாளும் விபத்தின் நினைவுநாளும் ஒன்று. யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கவனித்தவர்களும் குறைவு.)

டெக்னாலஜி ஆளாக எனக்கு முதலில் உறுத்துகிற கேள்வி, பாலம் போய்விட்ட சேதி டிரைவருக்கு எப்படிப் போயிருக்க முடியும் என்பது. அந்தக் காலத்தில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே இருந்த பிளாக் கருவி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: அடுத்த ஸ்டேஷன் வரை உள்ள பாதையில் வேறு ரயில் இருக்கிறதா, இல்லையா. பாதையே இருக்கிறதா என்பது அதன் வேலை இல்லை. அதற்கு இருந்த ஒரே ‘சென்சார்’ மனிதன். மழைக்காலத்தில் கைவிளக்கும் வெடிகளும் எடுத்துக்கொண்டு இருட்டில் தண்டவாளத்தோடு நடந்து ரோந்து போகும் கேங்மேன். அவர் ஒரு பாலத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்த அரைமணியில் வெள்ளம் கூடினால் அதோடு சரி. பாதுகாப்புச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, சம்பளம் மிகக் குறைந்த ஆள். இந்த விஷயம் இன்னும் பெரிதாக மாறவில்லை என்பது என் எண்ணம்.

அதே வருஷம், சில மாதங்களுக்கு முன்னாடிதான் மகபூப்நகர் அருகே இன்னொரு பாலம் வெள்ளத்தில் போய் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். அப்போதே சாஸ்திரி ராஜினாமா கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு திரும்பக் கொடுத்தார். இந்தத் தடவை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் காரணம் இல்லை, ஆனாலும் பொறுப்பேற்பது என்ற மரபுக்காக ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார். ஃபார்வர்டுகளில் விட்டுப்போவது இந்த இரண்டாவது தடவை என்கிற சங்கதிதான். ஒரே வருஷத்தில் இரண்டு பாலம், இரண்டு வெள்ளம். ராஜினாமாவுக்கு எடை வந்தது அதனால்.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி ஓடியது. ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி. அழகேசன், செங்கல்பட்டுத் தொகுதி எம்.பி. 1957 தேர்தலில்தான் தி.மு.க. முதல்முறையாகக் களம் இறங்குகிறது. அரியலூரையும் அழகேசனையும் அகரத்தில் கோர்த்து, ‘ஆண்டது’க்கு ‘மாண்டது’ என்று எதுகை போட்டு ஒரு கோஷம் கிளம்பியது. சுவரிலும் மேடையிலும் அது பரவிய கதையை இன்றும் அரசியல் பேசுகிற பெரியவர்கள் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு பாடமாக. அழகேசன் அந்தத் தேர்தலில் செங்கல்பட்டில் தோற்றார். தோல்விக்கு அந்தக் கோஷம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு தொகுதி முடிவில் ஆயிரம் கணக்கு உண்டு. ஆனால் எங்க ஊரோடு தொகுதி சம்பந்தமே இல்லாத ஒருத்தர் பெயருக்கு முன்னால் ‘அரியலூர்’ ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு இதற்குப் பெயர் மீம். கரியும் சுண்ணாம்பும்தான் அப்போது சர்வர்.

அந்த மீமில் ஒரு நியாயம் இருந்தது. யாரைக் கேட்கவேண்டும் என்பது ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. டெல்லியில் ஒரு பெயர், மெட்ராஸ் மாகாணத்தில் ஒரு பெயர். அரசாங்கத்துக்குத்தான் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வகுப்பு அட்டை டிக்கெட்டில் பெயர் கிடையாது. ஆற்றோடு போனவர் யார், எந்த ஊர், எத்தனை பேர் என்பதற்குப் பதிவேடே இல்லை. சாவுக் கணக்கு இன்றுவரை ஒத்துவராததற்கு இதுதான் முக்கியமான காரணமாக இருக்கவேண்டும்.

நடுவில் நடந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். 1999 ஆகஸ்டில் கைசால் விபத்துக்குப் பிறகு நிதிஷ் குமார் ராஜினாமா செய்தார். 2017 ஆகஸ்ட் 23-இல், உத்தரப் பிரதேசத்தில் ஒரே வாரத்தில் இரண்டு ரயில்கள் தடம்புரண்ட பிறகு, சுரேஷ் பிரபு பொறுப்பேற்பதாகச் சொன்னார். பிரதமர் பொறுத்திருக்கச் சொன்னதாக அவரே ட்விட்டரில் எழுதினார். கொஞ்ச நாளில் வேறு துறைக்கு மாற்றப்பட்டார். அவர் அப்படி எழுதிய மறுநாள்தான், ஆகஸ்ட் 24-இல், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வாரத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் காரணம் எதுவும் இல்லை. ஆறு வருஷம் கழித்துக் காரணம் வந்தது.

2023 ஜூன் 2, சாயங்காலம் ஏழு மணி. ஒடிசாவின் பாலசோர் மாவட்டம், பகநாகா பஜார் ஸ்டேஷன். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை சிக்னல். ஆனால் பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. உள்ளே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில். மோதித் தெறித்த பெட்டிகள் எதிர்ப்பாதையில் போன பெங்களூரு–ஹவுரா ரயிலிலும் பட்டன. 290-க்கும் மேல் சாவு.

அன்று ராத்திரியே அரியலூர் ட்ரெண்ட். அடுத்த நாள் ‘கவச்’ ட்ரெண்ட். கவச் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று ஒரு பக்கம், அந்தப் பாதையில் ஏன் போடவில்லை என்று இன்னொரு பக்கம். அப்போது கவச் இருந்தது தென் மத்திய ரயில்வேயில் 1,465 கிலோமீட்டரில் மட்டும். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவச் தன் சேதியை ஸ்டேஷனின் இன்டர்லாக்கிங்கிடமிருந்து வாங்குகிறது. இன்டர்லாக்கிங்கே ‘மெயின் லைன், பச்சை’ என்று தப்பாக நம்பினால் கவச்சும் அதையேதான் நம்பும். மருதையாற்று பிளாக் கருவி மாதிரிதான்: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை என்ன சொன்னது? லெவல் கிராசிங் கேட்டில் நடந்த வேலையிலும் அதற்கு முன்பு சிக்னல் சர்க்யூட்டை மாற்றியதிலும் குறைபாடு. வயரிங் கோளாறு, எளிமையாகச் சொன்னால். அதைவிட முக்கியமானது, 2022 மே மாதம் அதே கரக்பூர் கோட்டத்தில் தப்பான வயரிங்கால் இதே ரகச் சம்பவம் நடந்திருந்தது. அப்போதே சரிசெய்திருந்தால் பகநாகா நடந்திருக்காது என்பதையும் அறிக்கை சொல்கிறது. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் மயிரிழையில் தப்பியபோது, தென்மேற்கு ரயில்வேயின் மூத்த அதிகாரி ஒருவர் சிக்னல் முறையில் கோளாறு இருக்கிறது என்று எச்சரித்துக் கடிதமே எழுதியிருந்தார். எங்க வேலை பாஷையில் சொல்வதானால், பக் ரிப்போர்ட் ஏற்கெனவே இருந்தது. டிக்கெட் திறந்தே கிடந்தது. புரொடக்‌ஷனில் வெடித்தது.

இணையத்தில் அதைப் பற்றிப் பேச்சு குறைவு. விபத்து இடத்துக்குப் பக்கத்தில் தெரிந்த வெள்ளைக் கட்டடம் மசூதி என்று ஒரு படம் சுற்றியது. அது கோவில். மதச்சாயம் பூசிப் பொய் பரப்பினால் நடவடிக்கை என்று ஒடிசா போலீஸ் எச்சரிக்கை விடவேண்டி வந்தது. 1957-இன் சுவர் கோஷம் அமைச்சரைக் குறிவைத்தது; இது பக்கத்து வீட்டுக்காரரைக் குறிவைக்கிறது. நம்ம ஆட்கள் ஃபார்வர்டு பண்ணும்போது இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி அந்தரங்க விஷயம். முன்பதிவில்லாப் பெட்டிகளில் செத்தவர்களுக்கு 1956 மாதிரியே பெயர்ப் பட்டியல் இல்லை. ஒடிசா அரசு இறந்தவர்களின் முகப் படங்களை இணையதளத்தில் போட்டது, மனதைப் பாதிக்கும், குழந்தைகள் பார்க்கவேண்டாம், ஊடகங்கள் அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்ற குறிப்போடு. வேறு வழி இருந்ததா? வங்காளத்திலும் பீகாரிலும் இருக்கிற குடும்பங்கள் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக அலையாமல் இருக்க அதுதான் வழி என்று அதிகாரிகள் நினைத்திருப்பார்கள், நான் குறை சொல்லமாட்டேன். அடுத்து ஆதார் குழு வந்தது, கைரேகை எடுக்க. விரல்தோல் சிதைந்திருந்ததால் அது பலிக்கவில்லை. கடைசியில் ‘சஞ்சார் சாத்தி’. சிம் வாங்கும்போது நாம் கொடுத்த போட்டோக்களோடு முகத்தைப் பொருத்திப் பார்க்கிற ஏற்பாடு. 64 உடல்களில் முயன்று 45 பேரை அடையாளம் கண்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது.

அந்தப் போர்ட்டல் விபத்துக்கு இரண்டே வாரம் முன்பு, மே 16-இல்தான் அறிமுகமானது. சொன்ன காரணம்: போலி சிம்மைப் பிடிப்பது, தொலைந்த போனைத் தடுப்பது. அறிமுகப்படுத்தியவர் அஸ்வினி வைஷ்ணவ். தொலைத்தொடர்பும் ரயில்வேயும் அப்போது அவரிடமே இருந்தன. 45 குடும்பங்களுக்குத் தங்கள் ஆள் கிடைத்தார், அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் சிம் கடையில் போட்டோ கொடுத்தவர் யாரும், இந்த நாட்டில் எந்த முகத்தையும் அதோடு ஒப்பிடலாம் என்று கையெழுத்துப் போடவில்லை. செத்தவர் முகத்துக்கு வேலை செய்கிற கருவி உயிரோடு கூட்டத்தில் நிற்பவர் முகத்துக்கும் வேலை செய்யும். 2025 நவம்பர் கடைசியில், விற்கும் எல்லாப் புதுப் போனிலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே ஏற்றவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-இல் வாபஸ்.

ஆக 1956-இல் ரயிலுக்குள் யார் இருந்தார்கள் என்பது அரசுக்குத் தெரியாது, பொறுப்பு யாருடையது என்பது ஜனங்களுக்குத் தெரியும். இப்போது உருக்குலைந்த முகத்துக்கும் அரசிடம் பதில் இருக்கிறது. 2022-இல் வந்த எச்சரிக்கைக்குப் பிறகு கோப்பு எந்த மேசையில் நின்றது என்பதற்குத்தான் நம்மிடம் பதில் இல்லை. சி.பி.ஐ. 2023 ஜூலையில் கைது செய்தது மூன்று பேரை. மூவரும் சிக்னல், பராமரிப்புப் பிரிவுகளில் வேலை பார்த்தவர்கள். மறுபடி அதே கடைசிக் கண்ணி.

இதைத் தோண்ட நம்மிடம் இருந்த மண்வெட்டி 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 8(1)(ஜே) பிரிவில் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கலாம். ஆனால் பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கவேண்டும் என்று அங்கேயே இருந்தது. 2023 ஆகஸ்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 44(3) பிரிவு மூலம் அந்த நிபந்தனையை வெட்டிவிட்டது. 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்தது. 8(2) பிரிவில் பொதுநல விதிவிலக்கு இன்னும் இருக்கிறது, மறைக்கவேண்டியதில்லை. ஆனால் தகவல் அதிகாரிக்கு மறுப்பது சுலபமாகிவிட்டது. நம் அந்தரங்கத்துக்காகக் கேட்ட சட்டம், அதிகாரியின் பெயருக்குத் திரையாகிறது. அதே சட்டத்தில் அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த தடவை அரியலூர் ட்ரெண்ட் ஆகும்போது ராஜினாமா கேட்பவர்கள் கேட்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: பாதுகாப்பு ஆணையரின் முழு அறிக்கை, எச்சரிக்கைக் கடிதங்கள், அவற்றின் மேல் யார் என்ன குறிப்பு எழுதினார் என்பது, பதவியோடும் தேதியோடும் இணையத்தில் வரவேண்டும். பகநாகாவில் இறந்த 28 பேரின் உடலை நாலு மாதம் வரை யாரும் கேட்டு வரவில்லை. 2023 அக்டோபரில் புவனேஸ்வர் மாநகராட்சி அவர்களைத் தகனம் செய்தது. முகப்படம், கைரேகை, டி.என்.ஏ. எல்லாம் பார்த்த பிறகும் அந்த 28 பேருக்குப் பெயர் இல்லை.