ஆன்லைன் விற்பனையில் திரும்பி வரும் பொருள்கள்: சிறு விற்பனையாளர்கள் அறிய வேண்டியவை

இணையவழிச் சந்தைத் தளங்களில் பொருள் விற்கும் சிறு வணிகர்களின் லாபத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, விற்ற பொருள்களில் எத்தனை திரும்பி வருகின்றன என்பதே ஆகும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறும் கடமையைச் சட்டம் விற்பனையாளர் மீது சுமத்துகிறது. பொய்யான காரணம் கூறித் திருப்பி அனுப்பப்படும் பொருளுக்கு இழப்பீடு கோர வேண்டுமானால், அவர் பெரும்பாலும் தளத்துடனான ஒப்பந்தத்தையும் தம்மிடமுள்ள சான்றுகளையுமே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

எடுத்துக்காட்டாக, 300 ரூபாய் அடக்க விலை கொண்ட குர்த்தி ஒன்றை விற்பதால், எல்லாச் செலவும் போக 60 ரூபாய் லாபம் கிடைப்பதாகக் கொள்வோம். அது திரும்பி வரும்போது கூரியர் கட்டணத்துக்கும் உறைக்கும் 120 ரூபாய் செலவானால், அதை ஈடுகட்ட மேலும் 2 குர்த்திகள் விற்க வேண்டும். கிழிந்து திரும்பினால் அடக்க விலையும் சேர்ந்து போவதால், 7 குர்த்திகளின் லாபம் கரைந்துவிடும்.

சட்டம் கூறுவது என்ன?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கை செய்யப்பட்டன. பொருள் குறைபாடுடையதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் கூறிய தன்மைகள் அதில் இல்லாவிட்டாலும், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அறிவித்த நாளைக் கடந்து தாமதமாக வந்த பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால், தவிர்க்க இயலாத இடர்களால் ஏற்பட்ட தாமதத்துக்கு விலக்கு உண்டு.

குறையுள்ள பொருளை ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டம் வரையறுக்கிறது. விற்பனையாளர் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

அதேவேளையில், குறை எதுவும் இல்லாத பொருளை, மனம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் திரும்பப் பெற வேண்டும் என்று இவ்விதிகள் கூறவில்லை. அந்த வசதி தளங்களின் கொள்கையால் அளிக்கப்படுவது. தளத்தில் விற்பதற்கு முன்னரே அதனுடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என விதிகள் கூறுவதால், எந்தப் பிரிவுப் பொருளுக்கு எத்தனை நாள் அவகாசம், செலவு யாருடையது என்பவற்றை அதில் படித்தறிவது அவசியம்.

மூன்று வகைகள்

முதல் வகை, வாடிக்கையாளர் கைக்குச் சேராமலே திரும்பும் பார்சல். வணிகர்கள் இதை 'ஆர்டிஓ' என்பர். தவறான முகவரி, கதவு பூட்டியிருத்தல், கேஷ் ஆன் டெலிவரியில் வாங்க மறுத்தல் ஆகியவை இதற்கான காரணங்கள். இரண்டாவது, அளவு பொருந்தாமை அல்லது மனமாற்றத்தால் வருவது. மூன்றாவது, சேதம், குறைபாடு, வேறு பொருள் வந்தது என்ற புகாருடன் வருவது. மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டால்தான் தவறு முகவரியிலா, பொருள் விவரத்திலா, தரத்திலா என்பது புலப்படும்.

சான்று சேர்க்கும் முறை

பழைய துணியோ வேறு பொருளோ வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டால், அமேசானில் 'சேஃப்-டி' கோரிக்கை, ஃபிளிப்கார்ட்டில் விற்பனையாளர் பாதுகாப்பு நிதி ஆகியவற்றின் மூலம் இழப்பீடு கோரலாம். கோரிக்கையின் முடிவு பெரும்பாலும் சான்றைப் பொறுத்தே அமையும்.

* ஆர்டர் எண்ணும் லேபிளும் தெரியுமாறு, பொருளை உறையிடுவதை வீடியோ எடுக்கவும்.
* மின்னணுப் பொருளாயின் வரிசை எண்ணைக் குறித்து வைக்கவும். ஆடையாயின், அகற்றினால் மீண்டும் பொருத்த முடியாத அட்டையைத் தைக்கவும்.
* திரும்பி வந்த பார்சலைப் பிரிக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் காட்டி, பிரித்து முடியும் வரை இடைநிறுத்தாமல் படம்பிடிக்கவும்.
* தளம் விதித்த கெடுவுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்யவும்.
* 'திருப்பி ஒப்படைக்கப்பட்டது' எனத் தளம் காட்டும் பார்சல்களையும் உண்மையில் கைக்கு வந்தவற்றையும் வாரந்தோறும் ஒப்பிடவும்.

பயன்படுத்தியதற்கான அடையாளம் உள்ள பொருளைப் புதியது எனக் கூறி மீண்டும் விற்கக் கூடாது. அது அடுத்த வாடிக்கையாளரின் நியாயமான புகாருக்கே வழிவகுக்கும்.

ஜிஎஸ்டி கணக்கு

பதிவு பெற்ற விற்பனையாளர், திரும்பி வந்த பொருளுக்கு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி கிரெடிட் நோட் வழங்கி, தமது வரிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் நாள், இவற்றில் முந்தையதற்குள் அதைக் கணக்கில் காட்ட வேண்டும்.

தளங்கள் வசூலிக்கும் டிசிஎஸ், 2024 ஜூலை 10 முதல் 1 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. திரும்பி வந்தவற்றைக் கழித்த நிகர மதிப்பின் மீதே இது கணக்கிடப்படும். எனவே தளத்தின் அறிக்கையும் வணிகரின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என மாதந்தோறும் சரிபார்க்க வேண்டும்.

வருமுன் குறைத்தல்

இழப்பைக் குறைக்கும் எளிய வழி, பொருள் விவரத்தைத் திருத்துவதே. ஆடைகளுக்கு 'எம்', 'எல்' என்பதோடு நில்லாமல் மார்பளவு, நீளம் ஆகியவற்றை அங்குலத்தில் தர வேண்டும். நிறம் மாறித் தோன்றாதவாறு பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை இட வேண்டும். ஒரே பொருள் ஒரே காரணத்துக்காக மீண்டும் மீண்டும் திரும்பினால், விவரத்தையோ தரத்தையோ சரிசெய்யும் வரை அதன் விற்பனையை நிறுத்தி வைப்பது நல்லது.