பூட்டு வேண்டாம், பிரதி போதும்

காகிதக் காலத்தில் ஒரு நூலகம் ஆராய்ச்சி இதழுக்குச் சந்தா கட்டினால், வந்த இதழ் அலமாரியில் இருக்கும். அடுத்த வருஷம் சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழை யாரும் வந்து தூக்கிட்டுப் போக முடியாது. 1990களில் இதழ்கள் இணையத்துக்குப் போனதும் கதையே மாறிடுச்சு. கட்டின காசுக்குக் கிடைச்சது பதிப்பாளரோட சர்வரை எட்டிப் பார்க்கிற உரிமை மட்டும்தான். சந்தா நின்னா பழசும் சேர்ந்து போயிடலாம். சொந்த வீட்டுக்காரரை வாடகைக்குக் குடிவைத்த கதைதான், வேறென்ன?

ஸ்டான்ஃபோர்ட் நூலகத்தின் விக்கி ரைக்கும், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் டேவிட் ரோசன்தாலும் 1990களின் கடைசியில் இதுக்கு ஆரம்பிச்ச திட்டம்தான் லாக்ஸ். நிறையப் பிரதி இருந்தால் பொருள் பத்திரம் என்ற வாக்கியத்தோட ஆங்கில முதலெழுத்துகள் அது. (கேட்க என்னவோ பூட்டு மாதிரி இருக்கு. ஆனால் பூட்டே கிடையாது :-))

பெரிய எந்திரமெல்லாம் இல்லை. ஒவ்வொரு நூலகத்திலும் ஒரு சாதாரண பிசி. பதிப்பாளர் அனுமதியோடு, சந்தா கட்டின இதழ்களை அது இறக்கி வச்சுக்கும்.

எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். இந்தப் பெட்டிகள் ஒன்றையொன்று நம்புவதில்லை! தன்னிடம் இருக்கும் பிரதிக்கு ஒரு கைரேகை எண் போட்டு, மற்ற பெட்டிகளிடம் ஓட்டெடுப்பு நடத்தும். பெரும்பான்மையோடு ஒத்துப்போகலைன்னா தன்னுடையது கெட்டுப்போச்சுன்னு முடிவு செஞ்சு, நல்ல பிரதியை வாங்கிச் சரிபண்ணிக்கும். ஓட்டு இரண்டுங்கெட்டானாகப் பிரிந்தால் மனிதரைக் கூப்பிடும். இதையெல்லாம் வேண்டுமென்றே நிதானமாகச் செய்யும். எதிரி யாராவது உள்ளே புகுந்தாலும் எல்லாப் பிரதியையும் ஒரே ராத்திரியில் மாற்ற முடியாது பாருங்க. வேகம்தான் எல்லாம்னு கணினி உலகம் பேசிக்கிட்டிருந்த நாளில் இப்படி யோசிச்சிருக்காங்க.

பிறகு 2004-ல் அமெரிக்கத் தென்கிழக்கில் எமரி, ஜார்ஜியா டெக் உட்பட ஆறு பல்கலைக்கழகங்கள் இதே மென்பொருளை வைத்து மெட்டாஆர்கைவ் என்ற கூட்டணியைத் தொடங்கின. தங்கள் சொந்தச் சேகரிப்புகளை ஊர் ஊராகப் பிரித்து வைக்கத்தான். ஒரு ஊரில் புயல் அடிச்சா இன்னொரு ஊரில் இருக்கும்.

அதற்கப்புறம் வந்த க்ளாக்ஸ் திட்டத்தில் பதிப்பாளர்களும் நூலகங்களும் கூட்டுச் சேர்ந்தாங்க. எடின்பரோ, பெர்லின், டோக்கியோ, ஹாங்காங், கான்பரா என்று பன்னிரண்டு இடங்களில் பிரதி. பதிப்பாளர் கைவிடும்வரை அது யார் கண்ணிலும் படாது. சேஜ் நிறுவனம் கிராஃப்ட் என்ற உறுப்பு மாற்று மருத்துவ இதழைக் கைவிட்டபோது, 2008-ல் முதன்முதலா அந்தக் கதவு திறந்தது. அதுவரை காசு கட்டிப் படிச்ச இதழை அன்னிலேருந்து யார் வேணா இலவசமாப் படிக்கலாம்னு ஆச்சு.