படத்தைக் காப்பாற்றிய இசைத்தட்டு

1984 மார்ச்சில் 'ரெப்போ மேன்' வெளியானபோது அந்தப் படத்தை என்ன செய்வது என்று யுனிவர்சல் நிறுவனத்துக்கே தெரியவில்லை. சுமார் 15 லட்சம் டாலரில் எடுத்த படம். இயக்குநர் அலெக்ஸ் காக்ஸ் இங்கிலாந்துக்காரர். லாஸ் ஏஞ்சலஸுக்கு சினிமா படிக்க வந்தவர். முழுநீளப் படமாக அவருக்கு இதுதான் முதல். படத்துக்கு ஒப்புதல் தந்த நிர்வாகி, படம் திரைக்கு வருவதற்குள் பதவியில் இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு அதன் மேல் அக்கறையும் இல்லை. சில ஊர்களில் சில நாள் ஓட்டிவிட்டுத் தூக்கிவிட்டார்கள். ஆனால் படத்தோடு வந்த இசைத்தட்டு கடைகளில் விற்றுக்கொண்டே இருந்தது. படம் ஓடாத ஊரிலும் பங்க் இசை கேட்கும் பையன்கள் அதைத் தேடி வாங்கினார்கள். அந்த விற்பனையைப் பார்த்த பிறகுதான் யுனிவர்சல் படத்தை மறுபடியும் திரைக்குக் கொண்டுவந்தது.

தவணை கட்டாதவர்களின் காரைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் ரெப்போ மேன்களின் பிழைப்பு. லாஸ் ஏஞ்சலஸில் அந்தத் தொழில் செய்த ஒருவரோடு காக்ஸ் வண்டியில் சுற்றியிருக்கிறார். கதையின் வேர் அங்கேதான். சூப்பர்மார்க்கெட்டில் டப்பா அடுக்கும் ஆட்டோ என்ற பங்க் இளைஞன் (எமிலியோ எஸ்டவெஸ்) வேலையை இழக்கிறான். பட் என்ற பழுத்த ரெப்போக்காரரிடம் (ஹாரி டீன் ஸ்டாண்டன்) தொழில் கற்கிறான். இருவருக்கும் நடுவில் ஒரு 1964 ஷெவர்லே மாலிபு கார். தூக்கி வந்தால் 20,000 டாலர் பரிசு. அதன் டிக்கியைத் திறப்பவர் ஒளியில் கரைந்து சாம்பலாகிறார், புகையும் பூட்ஸ் மட்டும் மிஞ்சுகிறது. இயக்குநர் விம் வெண்டர்ஸின் ஒளிப்பதிவாளர் ராபி முல்லர்தான் கேமரா. சுற்றுலாப் பயணிகள் பார்க்காத லாஸ் ஏஞ்சலஸை, அதாவது ரயில் தண்டவாளம், கம்பி வேலி போட்ட கார் யார்டு, சிமென்ட் கால்வாய் எல்லாவற்றையும் அவர் காட்டினார். அந்த ஊருக்குள் எந்த இசை ஒலித்துக்கொண்டிருந்ததோ அதையே காக்ஸ் படத்துக்குள்ளும் வைத்தார்.

அந்த இசைக்கு அப்போது போக்கிடமே கிடையாது. 1970களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸிலும் அதன் கடற்கரைப் புறநகர்களிலும் முளைத்த பங்க் குழுக்களைப் பெரிய ரேடியோ நிலையங்கள் ஒதுக்கிவைத்தன. கேரோக் நிலையத்தில் ராட்னி பிங்கன்ஹைமர் நடத்திய நிகழ்ச்சி ஒரு விதிவிலக்கு. போலீஸ் கச்சேரிகளுக்குள் புகுந்து கலைத்தது. பெனெலபி ஸ்பீரிஸ் இந்தக் குழுக்களைப் பற்றி எடுத்த 'தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்' ஆவணப்படம் 1981இல் வெளியானபோது, ஊரில் அதை இனித் திரையிடக் கூடாது என்று போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸே கடிதம் எழுதினார். தட்டு வெளியிடப் பெரிய கம்பெனி வராததால் குழுக்களும் ரசிகர்களும் தாங்களாகவே கம்பெனி ஆரம்பித்தார்கள். லிசா ஃபான்சர் என்ற இளம்பெண் 1980இல் தொடங்கிய ஃபிரான்டியர், அதே பெயரிலான பத்திரிகையிலிருந்து பிறந்த ஸ்லாஷ், அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கான கருவிகளைத் தபாலில் விற்ற கிரெக் கின்னின் எஸ்எஸ்டி ஆகியவை அப்படி வந்தவை. நல்ல தட்டுகளைத்தான் போட்டார்கள். ஆனால் அவை ஒஹாயோவில் ஒரு சின்ன ஊர்க் கடை வரை போய்ச் சேர வழியில்லை. ரசிகர்கள் கையால் ஒட்டி, நகலெடுத்து விற்ற சிறு பத்திரிகைகளைப் படித்து, பணத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெயர் தெரிந்தால்தானே எழுதிக் கேட்க முடியும்?

'ரெப்போ மேன்' தட்டு அந்த இடத்தில்தான் வேலை செய்தது. அதை வெளியிட்ட சான் ஆன்ட்ரியாஸ் ரெக்கார்ட்ஸுக்குப் பின்னால் இருந்தது எம்சிஏ என்ற பெரிய இசைக் கம்பெனி. யுனிவர்சலும் எம்சிஏவும் ஒரே குடும்பம். எம்சிஏவின் சரக்கு போகாத கடை அமெரிக்காவில் இல்லை. அதனால் மூன்று நான்கு சின்னக் கம்பெனிகளில் சிதறிக் கிடந்த குழுக்கள் ஒரே அட்டைக்குள் சேர்ந்து, ஊர் ஊராக ஷாப்பிங் மால் கடைகளின் 'திரைப்பட இசை' அடுக்கில் போய் உட்கார்ந்தன.

இதே எம்சிஏ மூன்று வருடத்துக்கு முன் என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1981இல் பிளாக் ஃப்ளாக் தன் முதல் ஆல்பமான 'டேமேஜ்ட்'டைப் பதிவு செய்தது. கிரெக் கின்னும் நண்பர்களும் 1976இல் ஹெர்மோசா பீச்சில் தொடங்கிய குழு அது. பாடகர் ஹென்றி ராலின்ஸ் புதிதாக வந்து சேர்ந்திருந்தார். ஆல்பத்தை யூனிகார்ன் என்ற சிறு கம்பெனி மூலம் எம்சிஏ விநியோகிப்பதாக ஏற்பாடு. தட்டும் அட்டையும் அச்சாகிவிட்டன. அப்போது எம்சிஏவின் விநியோகத் தலைவர் ஆல் பெர்காமோ அதைக் கேட்டுவிட்டு, ஒரு தகப்பன் என்ற முறையில் தனக்கு இது பெற்றோருக்கு எதிரான தட்டாகப் படுகிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். குழுவினர் தட்டு அடிக்கும் ஆலைக்கே போய், அட்டையிலிருந்த எம்சிஏ முத்திரையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கரில் இருந்தது பெர்காமோ சொன்ன அதே வாக்கியம்.

பிறகு யூனிகார்னோடு வழக்கு. அது முடியும் வரை 'பிளாக் ஃப்ளாக்' என்ற பெயரில் எதுவும் வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. பழைய பதிவுகளைத் தொகுத்து 'எவ்ரிதிங் வென்ட் பிளாக்' வந்தபோது அட்டையில் குழுவின் பெயரே இல்லை, பாடியவர்கள், வாசித்தவர்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. அதுவும் தடையை மீறியது என்று முடிவாகி, கின்னும் பேஸ் கிதார் கலைஞர் சக் டுகோவ்ஸ்கியும் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டச் சிறையில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தார்கள். யூனிகார்ன் திவாலான பிறகுதான் குழுவுக்கு அதன் பெயர் திரும்பக் கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் 'ரெப்போ மேன்' தட்டு வருகிறது. பெற்றோருக்கு ஆகாது என்று விரட்டிய குழுவின் 'டிவி பார்ட்டி' பாடலை அதே எம்சிஏ குடும்பம் நாடு முழுக்க விற்றது. யாரும் யாரிடமும் வருத்தம் தெரிவித்ததாகப் பதிவில்லை.

படத்தில் அந்தப் பாடல் வரும் விதம் அழகு. பின்னணியில் குழு முழங்குவதில்லை. காதலி நண்பனோடு போய்விட்ட இரவு, தண்டவாளத்தின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து ஆட்டோ அதை வாய்விட்டுக் கத்திப் பாடுகிறான். டிவி நிகழ்ச்சிகளே வாழ்க்கையாகிப் போனவர்களைப் பற்றிய கேலிப்பாட்டு, துணைக்கு யாருமில்லாத ஒருவன் வாயில் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. படத்தில் இந்தக் குரலை மட்டும் கேட்டவர், தட்டை வாங்கிப் போட்டதும் முழுக் குழுவின் இரைச்சலில் திடுக்கிட்டிருப்பார்.

தட்டில் 11 பாடல்கள். முதலாவது இக்கி பாப் எழுதிப் பாடிய தலைப்புப் பாடல். கிதார் வாசித்தவர் செக்ஸ் பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸ். டிரம்ஸும் பேஸும் பிளாண்டி குழுவின் கிளெம் பர்க், நைஜல் ஹாரிசன். டெட்ராய்ட், லண்டன், நியூயார்க் மூன்றின் பங்க்கும் இந்த ஒரு பாட்டில் சந்திக்கின்றன. தெரிந்த பெயரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே தெரியாதவர்களிடம் அழைத்துப் போகிறது தட்டு. வெனிஸ் பீச்சிலிருந்து வந்த சூயிசைடல் டெண்டென்சீஸின் 'இன்ஸ்டிடியூஷனலைஸ்ட்' பாதிக்கு மேல் பேச்சுதான். பெற்றோர் மகனைப் பைத்தியமென்று முடிவுகட்டுகிறார்கள். அவன் விளக்கம் சொல்லச் சொல்லப் பேச்சு வேகமெடுத்துக் கடைசியில் உடைகிறது. பாடகர் மைக் மியூரின் அந்தக் குரலில் பதினாறு வயதுக் கோபம் அப்படியே இருக்கிறது. போர் வெறியைப் பாடும் ஃபியர் குழுவின் பாட்டும் உண்டு. ஜோனதன் ரிச்மன் எழுதிய 'பாப்லோ பிகாசோ'வை பர்னிங் சென்சேஷன்ஸ் பாடியிருக்கிறார்கள். அதன் வழியே பின்னோக்கிப் போனவர்கள் ரிச்மனின் மாடர்ன் லவர்ஸ் குழுவைக் கண்டுபிடித்தார்கள்.

சர்க்கிள் ஜெர்க்ஸுக்குக் காக்ஸ் ஒரு வேடமே கொடுத்தார். பிளாக் ஃப்ளாக்கின் முதல் பாடகரான கீத் மாரிஸ் அதிலிருந்து பிரிந்து 1979இல் தொடங்கிய குழு இது. பதினைந்து நிமிடம் ஓடும் அவர்களுடைய முதல் ஆல்பத்தின் வேகத்தைக் கேட்டவர்களுக்குப் படத்தின் நைட்கிளப் காட்சி அதிர்ச்சி தரும். மினுமினுக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஹோட்டல் பாடகர்கள் மாதிரி, மந்தமான பொருளாதாரத்தையும் வேலையில்லாதவர்களின் வரிசையையும் பற்றிய தங்கள் பாட்டை ஆற அமரப் பாடுகிறார்கள். இவர்களையா ரசித்தோம் என்று ஆட்டோ முகம் சுளிக்கிறான். வேகத்தைக் கழற்றிவிட்டதும் அதிபர் ரேகன் காலத்து ஏழைகளின் பாடு அந்த வரிகளில் தெளிவாகக் கேட்கிறது. படத்தில் ஆட்டோவோடு டப்பா அடுக்கும் அப்பாவி கெவினாக நடித்த ஸாண்டர் ஷ்லாஸ், அடுத்து இதே குழுவில் பேஸ் வாசிக்கப் போனார்.

ஆனாலும் இந்தத் தட்டின் உயிர் பிளக்ஸ் குழு. இதைப் பற்றி எழுதுபவர்கள் இக்கி பாப்பையும் பிளாக் ஃப்ளாக்கையும் சொல்லிவிட்டு இவர்களை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமே இல்லை. 11இல் மூன்று பாடல்கள் அவர்களுடையவை. படத்தின் பின்னணி இசையும் குழுவின் டிட்டோ லரிவா, ஸ்டீவன் ஹஃப்ஸ்டெட்டர் இருவருடையது. மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரஸில் பிறந்து, எல்லைக்கு இந்தப் பக்கம் எல் பாஸோவில் வளர்ந்து, லாஸ் ஏஞ்சலஸ் வந்தவர் லரிவா. 1979இல் குழுவின் முதல் ஆல்பத்திலேயே மெக்சிகன் நாட்டுப்பாட்டான 'லா பாம்பா'வைப் பங்க் வேகத்தில் பாடினார். ஃபாத்திமா ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனியை நண்பர்களோடு தொடங்கி, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகன் குடும்பப் பிள்ளைகளான தி பிராட் குழுவுக்கும் தட்டுப் போட்டார். அந்த ஊர்ப் பங்க் என்றால் மொட்டை அடித்த வெள்ளைப் பையன்கள் என்ற சித்திரம் அப்போதே பொய்.

'ரெப்போ மேன்' தட்டில் 1966இல் ஜானி ரிவர்ஸ் பாடிப் புகழ்பெற்ற உளவாளிப் பாட்டை 'ஓம்ப்ரே செக்ரெட்டோ' என்று ஸ்பானிஷில் பாடுகிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, ஊரில் ஏராளமானோர் வீட்டில் பேசும் மொழி. ரேடியோவில் மட்டும் அந்தச் சேர்க்கை கிடையாது. 'எல் கிளாவோ இ லா குரூஸ்' 1981இல் வந்த 'பெட்டர் லக்' ஆல்பத்திலிருந்து எடுத்தது. கடைசிப் பாட்டான 'ரீல் டென்'னில் சொற்களே இல்லை. பச்சையாக ஒளிரும் மாலிபு இரவு நகரத்துக்கு மேலே பறக்கும்போது, எதிரொலிக்கும் கிதார் ஒன்று நிதானமாக மேலேறுகிறது. கௌபாய்ப் படத்தின் பாலைவனமும் கடற்கரைப் பாறையில் மோதும் அலையும் சேர்ந்த ஒலி அது. அறிவியல் புனைகதைப் படத்துக்கு சின்தசைசர்தான் என்றிருந்த காலத்தில் இப்படி ஒரு முடிவு.

படம் வெளியான அதே மார்ச் மாதம், 22ஆம் தேதி, டேவிட் லெட்டர்மேனின் டிவி நிகழ்ச்சியில் பாப் டிலன் மூன்று பாட்டுப் பாடினார். பின்னால் டிரம்ஸில் பிளக்ஸின் சார்லி கின்டானா, பேஸில் டோனி மார்சிகோ. அன்று அவர்களோடு டிலன் பங்க் வேகத்தில் வாசித்தது இன்றும் ரசிகர்கள் தேடிப் பார்க்கும் பதிவு. அப்போதும் பிளக்ஸுக்கு விடியவில்லை. அதே ஆண்டு பெயரை மாற்றி குரூசாடோஸ் ஆனார்கள். லரிவாவைப் பிற்காலத்தில் பலர் அறிந்தது 1996இன் 'ஃப்ரம் டஸ்க் டில் டான்' படத்தில், மதுக்கடை மேடையில் தன் குழுவோடு வாசிப்பவராக.

இத்தனைக்கும் பின்னால் நின்ற நிர்வாகத் தயாரிப்பாளர் மைக்கேல் நெஸ்மித். டிவி தொடருக்கென்றே ஆள் பொறுக்கிச் சேர்த்த மங்கீஸ் குழுவில் 1966 முதல் கம்பளிக் குல்லாயோடு கிதார் வாசித்தவர். தட்டச்சுப் பிழையை அழிக்கும் வெள்ளை மையைக் கண்டுபிடித்து விற்ற பெட் நெஸ்மித் கிரஹாமின் மகன். சொந்தக் குழுவின் பாட்டையே வாசிக்க விடாத கம்பெனிகளோடு இளமையில் போராடியவர் அவர். யாருக்கும் அடங்காத குழுக்களின் படத்துக்கு அவர் துணை நின்றதில் ஆச்சரியமில்லை.

சினிமாத் தட்டு இப்படிப் புதிய இசைக்கு வாசலாவது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. பெர்ரி ஹென்சலின் ஜமைக்கா படம் 'தி ஹார்டர் தே கம்'மின் தட்டு 1970களில் உலகத்துக்கு ரெக்கேயை அறிமுகப்படுத்தியது. அதிலும் பெரும்பாலானவை உள்ளூரில் ஏற்கெனவே வந்த பாடல்கள்தான். 'ரெப்போ மேன்' அந்த வழியில் ஒரு படி மேலே போனது என்றே சொல்ல வேண்டும்: கேட்டவரை அங்கேயே நிற்க விடவில்லை. பிளாக் ஃப்ளாக்கை இதில் அறிந்து கடைக்குப் போனவருக்கு 1984இலேயே 'மை வார்', 'ஃபேமிலி மேன்', 'ஸ்லிப் இட் இன்' என்று மூன்று ஆல்பங்கள் கிடைத்தன. 'மை வார்' தட்டைத் திருப்பிப் போட்டால் ஆறு நிமிடத்தைத் தாண்டும் மூன்று மெதுவான, கனத்த பாட்டுகள். பங்க் என்றால் வேகம் என்று நினைத்தவர் அங்கே மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும். 2012இல் வேறு கலைஞர்கள் இந்தப் பாடல்களைப் புதிதாகப் பாடி அஞ்சலி ஆல்பம் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு கிரைட்டீரியன் நிறுவனம் படத்தைச் செம்மையாக்கி டிஸ்க்காகக் கொண்டுவந்தது.

இதுவரை இந்தத் தட்டைக் கேட்காதவர்கள் படத்தை முதலில் பார்த்துவிடுங்கள், பிறகு தட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள். கேட்டு முடித்ததும் பிளக்ஸின் 'பெட்டர் லக்' ஆல்பத்தைத் தேடி எடுங்கள். புகழ் வராமல் போன அந்தக் குழுவுக்கு இன்னும் கேட்பவர்கள் தேவை.