குரலைக் கேட்டுத் தேர்ந்த ஊர்

லட்சக்கணக்கில் விலைபோகும் இரண்டு ஜோடி ஒலிபெருக்கிகளில் எதை வீட்டுக்கு எடுத்துப் போவது என்று முடிவு செய்ய வேண்டியவர் முதலில் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்? இன்று கடைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் பாஸ். ஜன்னல் அதிர வேண்டும், நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும். ஆனால் மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் நூறாண்டுகளாக ஒலி கேட்கப்பட்ட விதத்தைப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. சொல் சொல்லாகக் காதில் விழுகிறதா, பாடுகிறவரின் தொண்டை தெரிகிறதா என்பதுதான் இங்கே முதல் சோதனையாக இருந்தது. உயர்தர வீட்டு ஒலிபெருக்கியைத் தேர்வதற்கும் அதுவே சரியான அளவுகோல் என்பது என் வாதம்.

அந்த அளவுகோல் மைக்குக்கு முந்தியது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, நடிகரிடம் இருந்த ஒரே ஒலிக்கருவி அவருடைய தொண்டை. விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளியின் தர்க்கம் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் புரிந்தாக வேண்டும். அதனால் சுருதி மேலே ஏறியது, எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழே எட்டாத உயரத்தில் நின்று பாடிய அந்தக் குரலால் வந்ததுதான். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் ஒலிகளில் பெரும்பகுதியும் அந்த எல்லையில்தான் இருக்கிறது. ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இந்த மேடையின் நடிகர்கள் இயற்பியல் படித்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. கூட்டம் எழுந்து போகாமல் இருக்கப் பாடிப் பாடிக் கண்டுபிடித்தார்கள்.

பின்னால் வந்த குழாய் ஒலிபெருக்கி இந்தக் காதுக்கே செய்தது போல அமைந்தது. 1925-இல் அமெரிக்காவில் ரைஸும் கெல்லாக்கும் விளக்கிய காகிதக் கூம்பு ஒலிபெருக்கியின் வாரிசுகள்தான் இன்றைய வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை. அவை வாங்கும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கை ஒலியாக்கினாலே அதிகம். சின்ன யூனிட்டும் அகன்ற வாயும் கொண்ட குழாயோ அதைவிடப் பல மடங்கு தரும். ஆகவே பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்ப்ளிஃபயரே ஓர் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. இதற்குக் கொடுத்த விலை கீழ் ஸ்வரங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். இரண்டடி வாயுள்ள குழாயால் அதைத் தள்ள முடியாது. மத்தளத்தின் தொப்பி, அதாவது அதன் தாழ்ந்த ஒலி, போனது; குரல் நின்றது. அந்தக் குரலுக்காகத்தான் ஜனம் கூடியது. 1952 தீபாவளிக்கு மதுரை தங்கம் தியேட்டர் ‘பராசக்தி’யோடு திறந்தபோது, 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளுக்கும் போய்ச் சேர வேண்டியிருந்தது வசனம். மதுரைக் கதையான ‘திருவிளையாடல்’ 1965-இல் வந்தது. அதில் வரும் புலவர் தருமியின் புலம்பலைத் திரையே இல்லாமல் கோயில் கொடையில் குழாய் வழியாகக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் எத்தனையோ பேர்.

இதை மறுக்க இடமுண்டு. குழாய் மலிவு, மின்சாரம் குறைவு, வேறு வழியில்லை. வறுமை தந்ததை ரசனை என்று சொல்லலாமா? கருவி அப்படித்தான் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் எதைப் போடுவது என்பதை ஊர்தான் முடிவு செய்தது, ஊர் விரும்பியது வசனமும் பாட்டும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. குழாய், கேட்க விரும்பாதவர் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. நோயாளியையும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையையும் வதைத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு விதிகள் நியாயமானவை. நான் காப்பாற்ற நினைப்பது அந்தச் சத்தத்தை அல்ல, அதற்குள் இருந்த முன்னுரிமையை. வீட்டில் கேட்பவர் அளவோடு வைத்துக் கேட்கலாம். முன்னுரிமையைக் கைவிடத் தேவையில்லை.

அந்த முன்னுரிமையை மாற்றியது வீட்டுக்குள் வந்த கேசட்டும், அதன் பின்னால் வந்த பெரிய வூஃபரும். அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1978-இல் ‘ப்ரியா’ பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். அவருடைய இசைக்குப் பாஸ் வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் அவரிடம் பாஸ் கிடார் தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் வெறும் இடி அல்ல. தனக்கென்று ஒரு மெட்டு கொண்ட இரண்டாவது பாட்டுக்காரர். அந்த மெட்டின் ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நம் வீடுகளில் அதைக் கெடுப்பது பெரும்பாலும் அறைதான்: மொசைக் அல்லது டைல்ஸ் தரை, பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, கம்பளம் கிடையாது. 12 அடி நீள அறை ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸில் தானாகவே முழங்கத் தொடங்கும். அங்கே 15 அங்குல வூஃபரை மூலையில் தள்ளி வைத்தால் கேட்பது இளையராஜா அல்ல, சுவர்.

பிபிசி பொறியாளர்கள் 1970-களில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்னஞ்சிறு பெட்டியை உருவாக்கினார்கள். நன்கு பழகிய ஒருவரின் பேச்சை நேரிலும் ஒலிபெருக்கியிலும் மாறி மாறிக் கேட்டு ஒப்பிடுவது அவர்களுடைய பழக்கம். வள்ளி நாடகம் பார்த்தவரின் சோதனையும் ஏறக்குறைய இதுதான். ஐந்தங்குல யூனிட் கொண்ட அந்தப் பெட்டியில் ஆழ்ந்த பாஸ் இல்லை. ஆனாலும் குரலுக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். கனடாவில் ஒலியியல் ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் திரைக்குப் பின்னால் பெட்டிகளை மறைத்து நடத்திய சோதனைகளில், பெயரும் உருவமும் தெரியாதபோது, எந்தப் பகுதியையும் தூக்கிக் காட்டாத சீரான ஒலியையே பெரும்பாலோர் விரும்பினார்கள். இரண்டில் சற்று உரக்க ஒலிப்பது மேலானதாகத் தோன்றும் என்பதால், தேர்வு செய்பவர் இரு ஜோடிகளின் ஒலியளவையும் மீட்டர் வைத்துச் சமப்படுத்திக்கொள்வது அவசியம். பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைத்து, முதலில் வெறும் பேச்சு, அடுத்து எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல்; பிறகு மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம். இரண்டு நாகஸ்வரங்களும் ஒன்றாகக் குழம்பினாலோ, மேல் ஸ்தாயியில் காதைக் குத்தினாலோ, அந்த ஜோடியைக் கடையிலேயே விட்டுவிடலாம்.